பாய்லருக்குள் ஒரு சிலோன் காசு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று இதழ்களாக உங்கள் பக்கத்தைக் காணோம். ஆசிரியரோடு சண்டையா, இல்லை எங்கள் மேல் கோபமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஆசிரியரோடு சண்டை எப்போதும் உண்டு, அதற்காகப் பக்கம் நின்றதில்லை. உங்கள் மேல் கோபப்பட நான் யார்? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. டயாலிசிஸ் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, ஒரு ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். அப்புறம் பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். உங்கள் கடிதங்களைப் பிரிக்கக்கூட அப்போது மனசு வரவில்லை.

இப்போது செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விடிகாலையில் நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கிளம்பிவிடுகிறோம். தடவைக்கு நாலு மணி நேரம். கூட ஒரு ஆளை உள்ளே விடுகிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மடியில் பரீட்சை அட்டையை வைத்துத்தான் இந்த இதழின் பதில்களை எழுதியிருக்கிறேன். நடுநடுவே மெஷின் கத்தும். அந்த இடங்களில் வாக்கியம் தடுமாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கத்தில் 'சிலோன்காரர் கடை' என்று ஒரு டீக்கடை உண்டு. அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர்தான் உங்கள் அப்பா என்று என் மச்சான் சொல்கிறான். நிஜமா? அவரைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதியதில்லையே, ஏன்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் மச்சான் சொன்னது நிஜம். எழுதாததற்கு வெட்கம் காரணம் இல்லை. (காலேஜ் நாட்களில் அதுவும் கொஞ்சம் இருந்தது; பிறகு சொல்கிறேன்.) எனக்கு அவர் கதை தெரியாது, அவ்வளவுதான். அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விடிகாலை மூன்றரைக்குப் பாய்லரைப் பற்றவைப்பார். ராத்திரி பத்து மணிக்குக் கடைசி கிளாஸைக் கழுவிக் கவிழ்ப்பார். சாப்பாடுகூட நின்றபடிதான், ஒரு கையில் தட்டு, ஒரு கண் பால் சட்டியில். நிற்கிற மனிதரிடம் கதை வாங்க முடியாது. சின்ன வயதில் நானும் தம்பியும் கேட்டால், "அதெல்லாம் ஒரு காலம் புள்ள, அந்தப் பாலை எடு" என்பதோடு முடிந்துவிடும். இப்போது கையில் இரண்டு ஊசியைக் குத்தி, வாரம் பன்னிரண்டு மணி நேரம் அவரை ஒரே இடத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது. இப்போதுதான் அப்பா பேசுகிறார்.

1956-ல் இலங்கையில், மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) பிறந்தவர். பாட்டி கொழுந்து எடுத்தார், தாத்தா கவ்வாத்து வெட்டினார். பிள்ளைகளைப் 'புள்ளக் காம்பரா'வில் விட்டுவிட்டு மலை ஏறிவிடுவார்கள். சொன்ன எடைக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுத்தால்தான் அன்றைக்கு 'ஒரு பேர்' விழும். குறைந்தால் அரைப் பேர்தான். "எங்கம்மாவுக்குப் பேர் விழுந்துச்சா இல்லியான்னு சாயங்காலம் அவங்க நடந்து வர்ற நடையிலேயே தெரிஞ்சிடும்" என்றார் அப்பா, போன வியாழக்கிழமை.

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பதே முக்கால் லட்சம் பேரை வைத்துக்கொண்டு இரண்டு நாடும் கணக்குப் போட்டன: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-ல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி நிலம் பிரிப்பதுகூட இதைவிடச் சத்தமாக நடக்கும். தாத்தா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். என் அத்தைக்கு அதற்குள் கல்யாணமாகி, மாமா வீட்டார் சிலோனுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். ஒரு லயத்தில் பிறந்த அக்காவும் தம்பியும் இப்படித்தான் இரண்டு நாட்டு ஆட்கள் ஆனார்கள்.

1973-ல் இவர்கள் முறை வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் ஏறினார்கள். மலையகத்தில் அந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். போகிறவர்களும் நிற்கிறவர்களும் அப்படிக் கத்தி அழுவார்களாம். அத்தை ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு பத்து சதக் காசைத் திணித்து, "வழியில தேத்தண்ணி குடி" என்றிருக்கிறார். பூப்போல ஓரம் வளைந்த காசு. அதை இத்தனை வருஷம் அப்பா பத்திரமாக வைத்திருப்பதை நான் பெரிய பாசக் கதையாக எண்ணியிருந்தேன். அவர் சொன்ன விளக்கம் வேறு: "குடிக்கலாம்னுதான் போனேன். கப்பல்ல கேட்டா அந்தக் காசு செல்லாதுன்னுட்டான்."

அந்தக் காசு எங்கே இருக்கிறது தெரியுமா? கடைப் பாய்லருக்குள். பழைய டீ மாஸ்டர்கள் பாய்லரில் ஒரு காசைப் போட்டு வைப்பார்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது காசு அடியில் தட்டித் தட்டி ஆடும். மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். எல்லோரும் நம் ஊர்க் காசைப் போட்டார்கள். அப்பாவிடம் செல்லாத காசு ஒன்று இருந்தது.

ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம். அப்புறம் தாத்தாவின் தாத்தா பிறந்ததாகச் சொல்லப்பட்ட புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். அங்கே இவர்களை அடையாளம் சொல்ல யாரும் இல்லை. "யாரு நீங்க" என்று கேட்கத்தான் ஆள் இருந்தது. வியாபாரக் கடன் தருகிறோம் என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு தாத்தா நடந்த நடைக்கு அந்தக் கடனை விடச் செருப்புச் செலவு அதிகம். சிலோனில் இவர்களைக் 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். இங்கே வந்து 'சிலோன்காரன்' ஆனார்கள். இரண்டாவது பெயர் பரவாயில்லை, அதில் போர்டு எழுதலாம் என்பார் அப்பா.

இனி நான் மிகவும் ரசித்த பகுதி. பதினேழு வயதுப் பையன், வேலை தேடி ரோட்டில் நிற்கிறார். ஒரு லாரி டிரைவர் சொல்கிறார்: "மூணாத்துத் தலைப்புக்கிட்ட ஒரு கடைக்குப் பையன் வேணுமாம், வர்றியா?" அப்பா காதில் 'மூணாறு' மட்டும் விழுந்தது. மூணாறு என்றால் மலை, தேயிலை, குளிர். நமக்குத் தெரிந்த வேலை! தாத்தாவின் கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார். தூங்கிப் போய், விடியும்போது கண் விழித்தால் நீடாமங்கலம். வெண்ணாற்று நீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் தலைப்பு. "மூணு ஆறும் இருந்துச்சு புள்ள. மலைதான் இல்ல. சுத்திச் சுத்திப் பாக்குறேன், கண்ணுக்கு எட்டின வரைக்கும் தட்டை. எங்க ஊர்ல தண்ணி விழும். இங்க தண்ணி நடந்து போகுது."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மெஷின் கத்தி, நர்ஸம்மா ஓடி வந்து என்னைத்தான் திட்டினார். கையை ஆட்டக் கூடாதாம். அந்தக் கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மா அதில் வாழைத்தார் வெட்டுகிறார்.

திரும்பிப் போக லாரிக்குக் காசு இல்லாததால் தங்கினார். நாலு வருஷம் கிளாஸ் கழுவினார். 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட புயல் நீடாமங்கலத்தையும் விடவில்லை. முதலாளியின் கொட்டகை கீற்று கீற்றாகப் பறந்துவிட்டது. மறுநாள் விழுந்த கூரைக்கு அடியிலிருந்து பாய்லரை அப்பா தோண்டி எடுத்திருக்கிறார். ஒரு இடத்தில் நசுங்கல், மற்றபடி ஓட்டை இல்லை. முதலாளிக்கு வயதாகிவிட்டது, மனசும் விட்டுப்போயிருந்தது. "இடத்தை நீயே பாத்துக்க. பாய்லருக்கு மட்டும் மாசாமாசம் குடுத்துடு" என்று சொல்லிவிட்டார். அந்த நசுங்கல் இன்றைக்கும் இருக்கிறது. வாடிக்கையாளர் பக்கம் தெரியாதபடி திருப்பி வைத்திருப்பார்.

நீடாமங்கலம் கேட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மன்னார்குடிக்காரர் நீங்கள், வாழ்நாளில் பாதியை அங்கே கழித்திருப்பீர்கள். நெல் ஏற்றுகிற சரக்கு ரயில் முன்னும் பின்னும் போகும், கேட் திறக்காது. வியாழக்கிழமை ஆலங்குடி குருவைப் பார்க்கப் போகிற வேன்கள் வேறு. ஊரே சபிக்கும் அந்தக் கேட்தான் எங்களுக்குச் சோறு போட்டது. மணி அடித்ததும் அப்பா கிளாஸை அடுக்குவார். கேட் ஒரு தடவை போட்டால் நாற்பது டீ என்பது அவர் கணக்கு. 2011-ல் மன்னார்குடிக்கு மறுபடி ரயில் வந்ததும், உங்கள் ஊரில் வெடி போட்டார்கள். எங்கள் கடையில் இரண்டு டஜன் கிளாஸ் புதிதாக வாங்கினோம்.

இன்னொன்று. கடை ஆரம்பித்த நாளில், சேரியிலிருந்து வருகிறவர்களுக்குத் தனிக் கிளாஸ் வைக்கச் சொல்லி நாலு பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள். கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம். கீழத் தஞ்சையில் அதெல்லாம் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது. அப்பா வாதாடவில்லை. "என்கிட்ட இருக்கறதே பதினெட்டு கிளாஸு. ரெண்டா பிரிச்சா கட்டுப்படியாகாதுங்க" என்று வியாபாரக் கணக்கு சொன்னார். அவர்கள் வருவதை நிறுத்தினார்கள். மூன்று மாதம் கடை காற்றாடியது. ஆனால் கேட் மூடிக் கிடக்கும்போது, தஞ்சாவூர் போகிற மனிதன் எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருப்பான்? ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். "நான் ஒண்ணும் செய்யல. ரயில்வேக்காரன் செஞ்சான்" என்கிறார் அப்பா. அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மூன்று மாதமும் பாய்லர் தவணையை எப்படிக் கட்டினார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அம்மாவைக் கட்டிய கதை அம்மா சொல்ல வேண்டியது. அவர் விலை கேட்கிறார். விட்டுவிடுகிறேன்.

வெட்கக் கதைக்கு வருகிறேன். காலேஜ் ஹாஸ்டலில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் 'தேயிலை வியாபாரம்' என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் முறுக்கு டப்பாவோடு வந்து நின்றார். கடைச் சட்டைதான். கைப்பக்கம் டிகாஷன் கறை. என் தோழி, "அங்கிள், உங்களுக்கு டீ எஸ்டேட்டெல்லாம் இருக்காமே?" என்று கேட்டுவிட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அப்பா ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. "ஆமாம்மா, மஸ்கெலியாவில இருந்துச்சு. இப்ப சில்லறை வியாபாரம் மட்டுந்தான்." பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்தேன். அதைப் பற்றி அவர் பேசவில்லை. முறுக்கில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

இத்தனை வருஷம் நின்றதற்குக் குதிகாலும் முட்டியும் கூலி கேட்டன. பக்கத்து மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வலி மாத்திரை கிடைத்தது. காலையில் ஒன்று, கடை மூடும்போது ஒன்று. எத்தனை வருஷம் என்று டாக்டர் கேட்டபோது, "இவ பத்தாவது படிக்கறப்ப ஆரம்பிச்சேன்" என்று என்னைக் காட்டினார். கூடவே யாரும் அளந்து பார்க்காத ரத்தக் கொதிப்பு. இரண்டும் சேர்ந்து சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டன. எங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை நானே எத்தனையோ தடவை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். அட்டையின் பின்பக்கத்தை ஒருநாளும் படித்ததில்லை. பத்திரிகையில் ஊருக்குப் பதில் சொல்கிறவள் நான்.

கேள்வி: அம்மாவுக்குக் கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறது. டயாலிசிஸுக்குத் தயாராகுங்கள் என்கிறார்கள். ஆரம்பித்தால் விடவே முடியாதாமே? நாட்டு மருந்து பார்க்கலாமா? பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்.)
– ஒரு மகன், நன்னிலம்

பதில்: தம்பி, பயம் எனக்கும் இருந்தது. நான் டாக்டர் இல்லை. ஐந்து மாதம் வார்டில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன். அளவுகளை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

'விட முடியாது' என்பதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சிறுநீரகம் முழுக்க நின்றுபோனவர்கள் டயாலிசிஸை விட முடியாது. காரணம் சிறுநீரகம் நின்றது, மெஷின் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் மெஷினிலிருந்து விடுதலை உண்டு. அதற்கு உங்கள் அம்மா தகுதியானவரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். பொடி, லேகியம், கஷாயம் என்று யார் எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம். எங்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அப்படி ஆறு மாதம் குடித்துவிட்டு, கடைசியில் நடுராத்திரியில் அவசரமாகக் கழுத்தில் குழாய் போட்டுக்கொண்டு ஆரம்பித்தவர்.

அந்த அவசரம் வராமலிருக்க ஒரு வழி: டாக்டர் சம்மதித்தால் முன்கூட்டியே கையில் ஃபிஸ்டுலா போட்டுவிடுங்கள். தமனியையும் சிரையையும் இணைக்கிற சின்ன அறுவை. அது பழுத்து ஊசி தாங்க ஒன்றிரண்டு மாதமாவது ஆகும். அப்பாவுக்கு இடது முன்கையில். அந்த இடத்தில் விரல் வைத்தால் 'கிர்ர்' என்று அதிரும். ராத்திரி எங்கோ வயலில் பம்புசெட் ஓடும்போது திண்ணைச் சுவரில் கை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றால் உடனே ஆஸ்பத்திரி. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதன் மேல் படுக்கவும் கூடாது. ஒரு இடத்தில் அவசரத்தில் அந்தக் கையிலேயே பட்டையைச் சுற்ற வந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் அப்பாவுக்கு அழுத்தம் இருபது ஏறியிருக்கும்.

சாப்பாடுதான் பெரிய சிக்கல், அதுவும் நம் ஊரில். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். டெல்டாவில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வேறு எதைக் கொண்டுவருவார்கள் சொல்லுங்கள்? வந்த இளநீரையெல்லாம் குடித்து நானும் தம்பியும்தான் ஆரோக்கியமாக இருக்கிறோம். காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கச் சொல்வார்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதை நல்லது என்று வாங்கிவிடாதீர்கள். சோடியத்துக்குப் பதில் அதில் இருப்பது பொட்டாசியம்தான். குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு. ரசம், மோர், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அம்மாவுக்குச் சொன்ன அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுங்கள். மோர் கொடுத்தால் அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதில் டயாலிசிஸ் வரும். அரசு ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். அட்டையில் அம்மா பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எங்கள் அட்டையில் ஒரு எழுத்துப் பிழையால் இரண்டு நாள் அலைந்தோம். ஆட்களைக் காகிதத்தில் ஏற்றுவது சம்பந்தமாக எங்கள் குடும்பத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு என்று அப்பா ஆறுதல் சொன்னார்.

கேள்வி: நீடாமங்கலத்தில் மேம்பாலம் வந்துவிட்டால் உங்கள் கடை என்னாகும்?
– ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: அப்பாவிடமே கேட்டேன். "கேட்ல ஆம்புலன்ஸ் நிக்கிறதப் பாத்திருக்கேன். பாலம் வரட்டும். டீ குடிக்கிறவன் பாலத்துக்குக் கீழயும் வருவான்" என்றார். போன சனிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது நாங்களே கேட்டில் மாட்டிக்கொண்டோம். காரில் சாய்ந்தபடி தன் கடையைத் தூரத்திலிருந்து கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசத்துல இந்தப் பக்கம் நின்னு பாத்ததே இல்ல. போர்டு கோணலா இருக்கு."

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் விடுகிறார்களே, அப்பாவை ஒருமுறை ஊருக்கு அழைத்துப் போய்வரக்கூடாதா?
– ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: 2023 அக்டோபர் 14-ல் முதல் கப்பல் காங்கேசன்துறைக்குப் போனபோதே எனக்கும் அந்த ஆசை வந்தது. சில நாட்களில் அது நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி தொடங்கியது. அப்போது அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். "தை கழியட்டும்" என்றேன். அறுவடை நேரத்தில் கடையை விட முடியாது என்றார் அவரும். இரண்டு தை கழிந்துவிட்டது.

இப்போது போவதானால் அங்கே டயாலிசிஸுக்கு முன்பதிவு வேண்டும், காங்கேசன்துறை வடகோடி, மலைநாடு தெற்கே வெகு தூரம். அதைவிடப் பெரிய தடங்கல் ஒன்றை அவரே சொன்னார். அவர் பிறந்து வளர்ந்த நாளில் இருந்த மஸ்கெலியா டவுன் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. மவுஸ்ஸாக்கலை அணை கட்டியபோது, 1960-களின் கடைசியில், பழைய டவுனை மூழ்கவிட்டு மேலே புது டவுன் கட்டினார்கள். நீர் வற்றும்போது பழைய கோயில் எல்லாம் வெளியே தெரியுமாம். நம் ஊரில் மேட்டூர் அணை நீர் இறங்கி, பண்ணவாடியில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் தெரிகிறது என்று பேப்பரில் படம் வந்தால் கடையில் எல்லோர் முகமும் தொங்கிவிடும். ஜூன் 12-ல் தண்ணீர் திறக்க மாட்டார்கள், குறுவை போச்சு என்று அர்த்தம். அந்தப் படத்தை அப்பா மட்டும் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பார். ஏன் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. போனில், "என் கிட்னி ஒண்ண எடுத்துக்கடா" என்று அழுதார். "ஆளப் பங்கு போட்டது பத்தாதா, கிட்னியையும் பங்கு போடணுமா? போனை வை, காசு போகுது" என்றார் அப்பா. வாட்ஸப்பில் காசு போகாது என்று நாங்கள் பலமுறை சொல்லிவிட்டோம்.

கப்பல் எவ்வளவு நேரம் என்று கேட்டார். நாலு மணி நேரம் என்றேன்.

"அவ்வளவுதானா? அப்ப நான் வாரத்துக்கு மூணு தடவ போயிட்டுத்தான வர்றேன்."

கேள்வி: உங்கள் அப்பா டீயின் ரகசியம் என்ன? கையை எவ்வளவு உயரம் தூக்கி ஆற்ற வேண்டும்?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: உயரம் வேடிக்கை பார்ப்பவர்களுக்காக என்கிறார். சூடு கொஞ்சம் தணியும், நுரை வரும், அவ்வளவுதான். தூள் எதுவானாலும் தண்ணீர் நன்றாகத் தளதளத்த பிறகுதான் பையில் ஊற்ற வேண்டும். ஒருதரம் இறங்கின தூளை மறுபடி பிழியக் கூடாது. பாலை அடுப்பிலேயே கிடத்தி ஆடை கட்ட விடக்கூடாது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லா டீக்கடைக்காரருக்கும் தெரியும், நாற்பது பேர் நிற்கும்போது யாரும் செய்வதில்லை.

இப்போது தம்பி கடையைப் பார்க்கிறான். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் சாயங்காலம் அப்பா வந்து வாடிக்கையாளர் பெஞ்சில் உட்காருகிறார். நாள் முழுக்க அவருக்கு முக்கால் லிட்டர்தான் கணக்கு. அதில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு நூறு மில்லியைச் சாயங்கால டீக்கு மிச்சம் பிடித்து வைப்பார். அதற்கென்று அம்மா ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறார்.

நேற்று கேட் போட்ட நேரம். தம்பி அவசரமாகப் பாய்லர் குழாயைத் திறந்து பைக்கு நேரே குவளையைப் பிடித்தான். அப்பா ரோட்டைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார், திரும்பவில்லை.

"காசு இன்னும் ஆடலடா."

முப்பது பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தம்பி குழாயை மூடினான்.